அட்டைக் கட்டு பிறந்த ஊர்: நியூ இங்கிலாந்து நாட்குறிப்பு

முதல் நாள், சனிக்கிழமை: நாஷுவா – வில்டன்

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காகித ஆலையில் 31 வருடம் கச்சாப் பொருள் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எங்களுக்குக் கச்சாப் பொருள் என்றால் மரமோ மூங்கிலோ அல்ல, பழைய அட்டை. உள்ளூர்ப் பழைய பேப்பர் கடைகளில் சேர்வது போதாமல், தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கன்டெய்னர்களில் வெளிநாட்டு அட்டையும் வரும். கம்பி போட்டு இறுக்கிய கட்டுகள், நெஞ்சு உயரம், அரை டன் அளவுக்கு எடை. கம்பியை வெட்டிக் களத்தில் பரப்பினால் முகம் தெரியாத ஏதோ ஓர் ஊரின் வாழ்க்கை காலடியில் கிடக்கும். ஆப்பிள் பெட்டி, பொம்மை வந்த பெட்டி, ஒரு பள்ளிக்கூடத்தின் செய்திமடல். சில நாள் அழுகிய சாப்பாடும் குழந்தையின் டயபரும் கூடக் கிடக்கும்.

அந்தக் களத்தில் பிரிக்கும் பெண்களுக்குத் தலைமையாக இருந்தவரை நாங்கள் எல்லாரும் அக்கா என்றே அழைத்தோம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குப் பாடம் சொன்னவர் அவர். "மேலே பார்க்காதீர்கள் சார். பக்கவாட்டில் கையை விட்டு ஈரம் பாருங்கள்" என்றார். மேலே காய்ந்த அட்டை, நடுவில் மழையில் நனைந்த அட்டை என்று கட்டு வருவது உண்டு. தண்ணீருக்கு அட்டை விலை கொடுத்தால் ஆலை நிற்காது. ஈரமானி வந்த பிறகும் நான் முதலில் கையைத்தான் விட்டுப் பார்ப்பேன்.

மகள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவாவில் இருக்கிறாள். ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இது என் மூன்றாவது வருகை. இந்த முறை ஒன்றே ஒன்று கேட்டேன்: அந்தக் கட்டு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"அப்பா, அக்டோபரில் எல்லாரும் இலை நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் இங்கே வருகிறார்கள்" என்றாள்.

"போகிற வழியில் இலையையும் பார்த்துக்கொள்ளலாம் அம்மா."

அவளுடன் வேலை செய்பவரின் தந்தை லிண்டபரோ என்ற சிற்றூரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், என் வயதுதான். சனிக்கிழமை காலை தன் வீட்டுக் குப்பையைக் கொண்டுபோகும்போது என்னையும் அழைத்துப் போகச் சம்மதித்தார். இங்கே பல சிற்றூர்களில் வீட்டு வாசலுக்கு வண்டி வராது. அவரவர் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட வேண்டும். லிண்டபரோ, டெம்பிள், மாண்ட் வெர்னான் போன்ற அண்டை ஊர்க்காரர்கள் வில்டனில் உள்ள மையத்துக்கு வருகிறார்கள். 40 வருடங்களுக்கும் மேலாக நடக்கும் பொது ஏற்பாடு இது. தனித்தனியாக ஒவ்வோர் ஊரும் ஒரு கொட்டகை, ஓர் இயந்திரம், இரண்டு ஆட்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது என்பதால் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள்.

ஆசிரியரின் காரில் பின் இருக்கை முழுக்கப் பெட்டிகள். செய்தித்தாள் ஒன்றில், மடித்துத் தட்டையாக்கிய அட்டை ஒன்றில், அலுமினிய டப்பா ஒன்றில், தகர டப்பா ஒன்றில், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் வேறொன்றில். வரிசையாகத் திறப்புகள், ஒவ்வொன்றின் முன்னும் நின்று அதற்குரியதை மட்டும் போடுகிறார்கள். ஒரு சிறுமி தகர டப்பாவை அலுமினியத்தில் போடப் போனாள். அவள் பாட்டி சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டினார். "ஒட்டினால் அந்தப் பக்கம், ஒட்டாவிட்டால் இந்தப் பக்கம்." சிறுமிக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

கொட்டகையின் உள்ளே கட்டு அடிக்கும் இயந்திரம். இரும்புத் தட்டு மேலிருந்து இறங்கி அட்டையை அமுக்க, ஆரஞ்சு அங்கி அணிந்த பணியாளர் கம்பியைச் சுற்றி முறுக்கினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். 31 வருடம் அந்த முறுக்கை வெட்டியவன். முறுக்குகிற கையை இன்றுதான் பார்த்தேன். பேச வந்தது வரவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன்: "இதை யார் வாங்குகிறார்கள்?"

"அது எப்சமில் தெரியும்" என்றார்.


இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை: கான்கார்ட் – பிராங்க்ளின் – எப்சம்

ஆசிரியர் வண்டி ஓட்டினார். தலைநகர் கான்கார்டில் காலை நேரம், வாசல்தோறும் ஊதா நிறப் பைகள் இருந்தன. 2009 முதல் இந்த ஊரில் குப்பைக்குப் பைக்கணக்கில் காசு. நகராட்சியின் ஊதாப் பையை விலைக்கு வாங்கி அதில் போட்டால்தான் எடுப்பார்கள். மறுசுழற்சிக்குப் போவதற்குப் பை வாங்க வேண்டாம். நிறையக் குப்பை போடுகிறவர் நிறையக் கொடுக்கிறார். என் மனதுக்கு இது நியாயமாகப் படுகிறது.

அங்கிருந்து வடக்கே பிராங்க்ளின். மெர்ரிமாக் நதி உருவாகும் இடத்தில் உள்ள பழைய ஆலை நகரம். செங்கல் கட்டடங்கள், நீரின் வேகம், ஆற்றங்கரையில் சிவந்து நிற்கும் மேப்பிள் மரங்கள். ஆலைக்காரனுக்கு இப்படிப்பட்ட ஊரில் கால் நிற்கும். ஆனால் நான் இந்த ஊரைப் பார்க்க விரும்பியது வேறு காரணத்துக்காக. இந்த நகரம் ஒரு காலத்தில் தன் மறுசுழற்சிப் பொருளை டன்னுக்கு 6 டாலருக்கு விற்றுக் கணக்கைச் சரிக்கட்டியது. 2018-க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. மறுசுழற்சி செய்யக் கொடுத்தால் டன்னுக்கு 125 டாலர் நகரம் கட்ட வேண்டியிருந்தது. எரிக்கக் கொடுத்தால் 68 டாலர். அதிகம் வசதியில்லாத ஊர். மக்கள் வீட்டில் பிரித்து வைத்தது எரிகிற குப்பையோடு போனது.

எரித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வரி கட்டுகிறவன் முகத்தைப் பார்த்து இரண்டு மடங்கு கொடு என்று எந்த ஊர்த் தலைவரும் நீண்ட நாள் சொல்ல முடியாது. நியூ ஹாம்ப்ஷயரில் பொது விற்பனை வரி கிடையாது, சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் கிடையாது. ஊர்ச் செலவு பெரும்பாலும் வீட்டு வரியில் ஓடுகிறது. சிற்றூர்களில் மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் கூடி, கட்டு அடிக்கும் இயந்திரம் வாங்கலாமா வேண்டாமா என்பதைக்கூட வாக்கெடுத்துத் தீர்மானிக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு டாலரும் கேள்விக்கு உட்பட்டது.

மதியம் எப்சம். வட்டச் சாலைச் சந்திப்பு ஒன்று, சில கடைகள், அவ்வளவுதான் ஊர். இங்கேதான் வடகிழக்கு வள மீட்புச் சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. 1981-இல் தொடங்கிய லாப நோக்கற்ற கூட்டுறவு அமைப்பு. நியூ ஹாம்ப்ஷயரில் சிறிதும் பெரிதுமாக 234 ஊர்களும் நகரங்களும் உண்டு. அவற்றில் மிகப் பல இதன் உறுப்பினர்கள். பக்கத்து மாநிலங்களின் ஊர்களும் சேர்ந்திருக்கின்றன.

இதன் வேலையை நம் ஊர் ஆள் யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்: பால் சங்கம். ஒரு மாடு வைத்திருக்கும் பெண் மூன்று லிட்டர் பாலைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போய் விலை பேச முடியாது. சங்கத்தில் ஊற்றினால் கொழுப்பு அளவு பார்த்துக் காசு தருகிறார்கள். சேர்ந்த பால் வண்டி ஏறுகிறது. இங்கேயும் அதே கணக்குதான். ஓர் ஆலைக்கு வேண்டியது முழு லாரி, ஏறக்குறைய 20 டன். ஆயிரம் பேர் வாழும் ஊரில் அவ்வளவு அட்டை சேரப் பல மாதம் ஆகும். அதுவரை வைக்க இடம் வேண்டும், நனையாமல் பார்க்க வேண்டும், விலை எப்போது ஏறும் என்று தெரிய வேண்டும். தனியாக நிற்கும் ஊரை வாங்குபவர் மதிக்கவும் மாட்டார். சங்கம் பல ஊர்களின் கட்டுகளைச் சேர்த்து விலை பேசுகிறது, லாரி ஏற்பாடு செய்கிறது, ஓர் ஊரில் பாதி ஏற்றி அடுத்த ஊரில் மீதி ஏற்றவும் வழி செய்கிறது. பொருள் அந்தந்த ஊருடையது, வருமானமும் அந்த ஊருக்கே. சங்கம் எடுப்பது சேவைக் கட்டணம்.

பாலுக்குக் கொழுப்பு எப்படியோ அப்படி அட்டைக்குச் சுத்தம். ஓர் ஊர் ஈரக் கட்டு அனுப்பினால் லாரி முழுவதும் திரும்பும், பக்கத்து ஊருக்கும் நஷ்டம். அதனால் எப்படிக் கட்டுவது, எதைச் சேர்க்கக் கூடாது என்று ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். கொள்முதல் பக்கத்தில் நின்று நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டது இதைத்தான். விற்கும் பக்கத்திலும் ஒருவர் அதையே கற்றுக்கொடுக்கிறார் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று.

திரும்பும் வழியில் ஆசிரியர் சொன்னார்: "எங்கள் ஊரில் எல்லாரும் சுற்றுச்சூழலை நேசிக்கிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் பிரித்துப் போடுவது, வீட்டு வரி குறையும் என்பதற்காக." குறையட்டுமே. பாலில் தண்ணீர் கலக்காதவர் எதற்காகக் கலக்கவில்லை என்று சங்கம் கேட்பதில்லை.


மூன்றாம் நாள், புதன்கிழமை: மழை, நாஷுவா

வெளியே போகவில்லை. மகள் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடுகிறார்கள். தாள், பாட்டில், டப்பா எல்லாம் ஒன்றாக. வசதிதான். காலையில் மூடி சரியாக மூடாத தொட்டியில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. குடையோடு போய் மூடிவிட்டு வந்தேன்.

2018 பற்றி நேற்றுக் குறிப்பிட்டுவிட்டு விளக்காமல் போனேன். இன்று எழுதுகிறேன். பல வருடங்களாக அமெரிக்காவின் பழைய தாளும் பிளாஸ்டிக்கும் பெருமளவு சீனாவுக்குப் போயின. சரக்குக் கொண்டுவந்த கப்பல்கள் காலியாகத் திரும்பாமல் இதை ஏற்றிக்கொண்டு போயின, கட்டணம் மலிவு. அந்தச் சந்தை எதையும் வாங்கியது என்பதால் இங்கே பிரிக்கும் பழக்கம் தளர்ந்தது, ஒரே தொட்டி முறை பரவியது. 2017 ஜூலையில் சீனா உலக வர்த்தக அமைப்புக்குத் தகவல் கொடுத்தது; 2018 தொடக்கத்தில் 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியது. கலப்புத் தாள் அதில் ஒன்று. அட்டை போன்றவற்றை அனுமதித்தாலும் வேற்றுப் பொருள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 200 கிலோவில் ஒரு கிலோ. ஒரே தொட்டியில் போட்டுப் பிரித்த தாள் அந்த அளவை எட்டுவது கடினம்.

இதன் மறுபக்கத்தை நான் உடுமலையில் பார்த்தேன். சீனா விட்டதில் ஒரு பங்கு எங்கள் பக்கம் திரும்பியது. அந்த வருடங்களில் விலை இறங்கியது, அழுக்கு ஏறியது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரின் கட்டுகளில் ஒரு நாள் பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் வந்தது. கணக்கில் மலிவாகத் தெரிந்த அந்தச் சரக்கைக் குனிந்து நிமிர்ந்து பிரித்தவர்கள் களத்துப் பெண்கள். மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கையை மூன்று தடவை கழுவிவிட்டும் அக்கா மோந்து பார்ப்பார். பிராங்க்ளின் நகரம் கொடுக்க முடியாத 125 டாலரின் ஒரு பங்கை அவர்கள் முதுகில் கொடுத்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஒரு பகுதியின் ஊர்கள் கூடிச் சுத்தமான சரக்கும் பக்கத்திலேயே சந்தையும் உண்டாக்கிக்கொள்வது அந்தப் பகுதிக்கு மட்டும் நல்லது என்று யாரும் எண்ண வேண்டாம்.


நான்காம் நாள், வியாழக்கிழமை: கீன் – பிராட்டில்பரோ

மழைக்குப் பிறகு கழுவிவிட்ட வெயில். மேற்கே மலைச்சாலை, மொனாட்நாக் மலை ஒரு வளைவில் முழுசாகத் தெரிந்தது. இலைகளைப் பார்ப்பேன் என்று மகளுக்குக் கொடுத்த வாக்கை இன்று நிறைவேற்றினேன். மஞ்சளும் செம்பும் ஆரஞ்சுமாக மலை முழுவதும் எரிகிறது.

கீன் நகரத்தில் கண்ணாடி. மறுசுழற்சியில் கண்ணாடிதான் ஏழைப் பிள்ளை. எத்தனை முறை உருக்கினாலும் குணம் கெடாத பொருள், ஆனால் கனம் அதிகம், விலை குறைவு. 100 மைல் லாரியில் ஏற்றினால் வாடகை விலையை விழுங்கிவிடும். மாசசூசெட்ஸின் மில்ஃபோர்டில் ஒரு பெரிய பாட்டில் தொழிற்சாலை இருந்தது. மக்கள் பீர் பாட்டிலை விட்டு டப்பாவுக்குப் போகப் போக ஆர்டர் குறைந்து 2018 மார்ச்சில் அது மூடப்பட்டது. சீனத் தடை வந்த அதே சமயம். உடைத்துச் சுத்தம் செய்த கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பெரிய வாசல் அடைபட்டது.

கீன் நகரம் தன் கண்ணாடியை நொறுக்கிச் சாலைக்கு அடியில் போடும் ஜல்லிக்கு மாற்றாகப் பயன்படுத்துகிறது. அண்டை ஊர்களின் கண்ணாடியையும் ஏற்கிறது. ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். கூர் போன, பச்சையும் பழுப்பும் வெள்ளையும் கலந்த மணல். கை கிழிக்கவில்லை. பாட்டில் மறுபடி பாட்டிலாவதுதான் முறை. சாலைக்கு அடியில் போவது இறக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழியில் கொட்டக் காசு கொடுப்பதைவிட, கிரஷர் ஒன்றைப் பல ஊர் பகிர்ந்து, வாங்க வேண்டிய ஜல்லியை மிச்சம் பிடிப்பது புத்தியுள்ள செயல்.

கனெக்டிகட் நதியைத் தாண்டினால் வெர்மான்ட் மாநிலம், பிராட்டில்பரோ. மலைச் சரிவில் ஏறி நிற்கும் செங்கல் கடைவீதி. இந்தச் சிறு ஊரைத் தாயகமாகக் கொண்டு வளர்ந்ததுதான் வடகிழக்கு மறுசுழற்சி மன்றம். 1987-இல் மாநிலங்கள் சேர்ந்து தொடங்கியது. மெய்ன் முதல் மேரிலாண்ட் வரை 11 மாநிலங்கள். எப்சம் சங்கம் கட்டுகளைச் சேர்க்கிறது என்றால் இந்த மன்றம் தகவலையும் சட்டங்களையும் சேர்க்கிறது. காலாண்டுக்கு ஒரு முறை பல மாநிலங்களின் பிரிப்பு நிலையங்களிடம் கேட்டு, ஒரு டன் கலப்புப் பொருளுக்குச் சராசரியாக என்ன மதிப்பு கிடைத்தது என்று வெளியிடுகிறார்கள். கழிவாகப் போனதைக் கழித்து ஒரு கணக்கு, கழிக்காமல் ஒரு கணக்கு. அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் அழுக்கின் விலை. நம் பத்திரிகைகளில் காங்கேயம் கொப்பரை விலை வருவதைப் பார்த்துத்தான் ஒரு விவசாயி வியாபாரியிடம் வாய் திறக்கிறார். விலை தெரியாதவன் பேரம் பேச முடியாது.

மாநிலங்கள் சட்டத்தில் ஒன்றுசேர்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன், அது என் தொழிலைத் தொட்டது. 1989-இல் வடகிழக்கு மாநில ஆளுநர்களின் கூட்டமைப்பு ஒரு மாதிரிச் சட்டம் எழுதியது: பொட்டலப் பொருளிலும் அதன் மையிலும் நச்சு உலோகங்களான ஈயம், காட்மியம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம் ஆகியவற்றை வேண்டுமென்று சேர்க்கக் கூடாது, தற்செயலாக இருந்தாலும் நான்கும் சேர்ந்து பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது. 19 மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஒரு மாநிலத்துக்கு ஒரு மை, இன்னொன்றுக்கு வேறு மை என்று எந்தக் கம்பெனியும் அச்சடிக்காது. எங்கள் கூழ்த் தொட்டிக்கு வந்த அட்டையின் மையை மாற்றியவர்கள் நான் பெயர் கேட்டிராத மனிதர்கள்.

ஆனால் சேராமல் விட்ட இடமும் இருக்கிறது. கடையில் ஒரு சோடா டப்பா வாங்கி மூடியைச் சுற்றிப் படித்தேன். மாநில எழுத்துகள், பக்கத்தில் 5 சென்ட், 10 சென்ட். வெர்மான்டிலும் மெய்னிலும் மாசசூசெட்ஸிலும் காலி டப்பாவைத் திருப்பித் தந்தால் 5 சென்ட். கனெக்டிகட்டில் 2024 ஜனவரி 1 முதல் 10 சென்ட். நதிக்கு அந்தப் பக்கம் நியூ ஹாம்ப்ஷயரில் ஒன்றும் இல்லை. வாங்கும்போது கூடுதலாகக் கட்டி, காலி டப்பாவைத் தந்ததும் திரும்பப் பெறும் வைப்புத்தொகைக்கான சட்டமே அங்கே கிடையாது. ஒரே டப்பா, பாலத்துக்கு இந்தப் பக்கம் காசு, அந்தப் பக்கம் குப்பை. வைப்புத்தொகை கட்டாமல் வாங்கிய டப்பாவை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவந்து காசு கேட்டால், யாரும் கட்டாத பணத்தை நிதியிலிருந்து கொடுக்க வேண்டிவரும். மெய்னில் இதைத் தடுக்கச் சட்டமும் உண்டு, வழக்கும் நடந்திருக்கிறது.

வெர்மான்டின் கதை பழையது. 1953-இல் திருப்பி வாங்காத பீர் பாட்டிலை விற்கக் கூடாது என்று இந்த மாநிலம் சட்டம் போட்டது. காரணம் மாடுகள். காரில் போகிறவர்கள் வயலில் எறிந்த பாட்டில் உடைந்து வைக்கோலில் கலந்து பசுக்களின் வயிற்றுக்குள் போயிற்று. 1957-இல் அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். 1972-இல் வைப்புத்தொகைச் சட்டமாக வேறு வடிவில் திரும்பியது.

இதைக் கேட்டதும் எனக்கு நீலகிரி நினைவு வந்தது. காட்டோரத்தில் உடைந்து கிடந்த மதுப் பாட்டில் யானையின் காலைக் கிழித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. முதலில் அந்த மாவட்டத்தில் மட்டும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பாட்டிலை மேலே கொண்டுபோய் 10 ரூபாய் கேட்டால் என்ன செய்வது? நீலகிரியில் விற்றது என்று பாட்டிலுக்கு அடையாளம் வைக்க வேண்டியிருந்தது. வெர்மான்டின் பசுவும் நம் யானையும் ஒரே வழக்கைத்தான் கொண்டுவந்திருக்கின்றன. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் திட்டத்தை விரித்தது சரியான காரியம்.


ஐந்தாம் நாள், சனிக்கிழமை: கிட்டரி – போர்ட்லாண்ட்

மகள் இன்று தானே ஓட்டினாள். பிஸ்கடகுவா நதிப் பாலம் ஏறி இறங்கினால் மெய்ன் மாநிலத்தின் முதல் ஊர், கிட்டரி. நிற்கவில்லை. போர்ட்லாண்டில் 'இகோமெய்ன்' நிலையத்தைப் பார்க்க ஒரு குழுவோடு நமக்கும் இடம் கிடைத்திருந்தது.

1976-இல் போர்ட்லாண்டும் பக்கத்து மூன்று ஊர்களும் குப்பை போட இடமில்லாமல் கூட்டுச் சேர்ந்தன. இன்று 20 ஊர்கள் இதன் உரிமையாளர்கள். அதற்கு மேலும் பல ஊர்கள் பொருளை அனுப்புகின்றன. தனியார் லாபத்துக்கு இடமில்லை. எரித்து மின்சாரம் எடுக்கும் உலை ஒரு பக்கம், 2007 முதல் ஒரே தொட்டிப் பொருளைப் பிரிக்கும் நிலையம் ஒரு பக்கம்.

தலைக்கவசம் போட்டுக்கொண்டு மேலே நடைபாதையில் நின்றோம். கீழே பட்டைகள் ஓடுகின்றன. சுழலும் தட்டுகள் மேல் அட்டை மிதந்து போகிறது, சிறியவை கீழே விழுகின்றன. காந்தம் தகரத்தைத் தூக்குகிறது. அலுமினியத்தை, வேகமாகச் சுழலும் காந்தம் உண்டாக்கும் மின்சுழல் தள்ளிவிடுகிறது. ஒளியால் பார்க்கும் கருவி பிளாஸ்டிக்கின் வகையை அறிந்து காற்றால் ஊதித் தள்ளுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் பட்டை ஓரத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள். தோட்டத்துக் குழாய், கயிறு, கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் ஆகியவற்றைக் கைதான் எடுக்க வேண்டும். தட்டுகளில் கயிறு சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி ஒருவர் உள்ளே ஏறிக் கத்தியால் அறுக்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்து மகள், "நான் போன வாரம் கம்பளிக் கயிறு போட்டேன் அப்பா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வில்டன் முறை நல்லதா, இந்த முறை நல்லதா என்று வழி முழுக்க யோசித்தேன். என் கை வில்டன் பக்கம்தான். ஆனால் நெருக்கமான நகரத்தில் ஒவ்வொருவரும் காரில் ஏற்றி வந்து ஆறு திறப்பில் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே அழுக்கு அதிகமான லோடு அனுப்பும் ஊருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அது வந்த பிறகு ஊர்கள் தங்கள் தொட்டிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கின. 20 உரிமையாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அப்படிப்பட்ட கட்டணத்தை யாரும் வெளியேறாமல் போட முடியும்.

மெய்ன் இன்னொரு படியும் ஏறியிருக்கிறது. பொட்டலம் தயாரிக்கும் நிறுவனங்களே அதைக் கையாளும் செலவை ஊர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று 2021 ஜூலையில் சட்டம் போட்டது. அமெரிக்காவில் இதுவே முதல். பிராங்க்ளின் போன்ற ஓர் ஊர் 125 டாலரையும் 68 டாலரையும் தனியாக எடை போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய நிலை அந்த ஏற்பாட்டில் வராது. நியூ ஹாம்ப்ஷயரும் இதில் சேர வேண்டும் என்பது ஒரு வார விருந்தாளியின் ஆசை.

வழிகாட்டிய பெண்ணிடம் நான் ஆலைக்காரன் என்று மகள் சொல்லிவிட்டாள். அவர் மெய்னின் காகித ஆலைகளைப் பற்றிப் பேசினார். சீனா கதவை மூடிய 2018-இல், அங்கே கழிவுத்தாளில் கோட்டை கட்டிய நைன் டிராகன்ஸ் குழுமமே இங்கே வந்து மெய்னின் ரம்ஃபோர்டிலும் ஓல்ட் டவுனிலும் ஆலைகளை வாங்கியது. ஓல்ட் டவுன் ஆலை 2023-இல் நிறுத்தப்பட்டது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. ஆலை நின்ற ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்; சைக்கிள்கள் இல்லாத கேட்.

கடைசியாகக் கட்டுகள் அடுக்கிய கூடம். அட்டை, செய்தித்தாள், தகரம், பால் கேன். அட்டை அடுக்கு கூரை வரை. கம்பிகள் சம இடைவெளியில், முறுக்கு உள்பக்கம் மடிந்து. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். மகள் என்னைக் கட்டுகளின் முன் நிறுத்திப் படம் எடுத்தாள்.

இரவு வீடு திரும்பியதும் அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். ஊரில் காலை. ஆலையை விட்டு இரண்டு வருடமாகிறது அவருக்கு. பேத்தியின் போனில்தான் பார்ப்பார். பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. பின்னணியில் குக்கர் சத்தம்.

"கம்பி நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் சார். ஓரம் சரிந்து நிற்கவில்லை. நல்ல ஊராக இருக்க வேண்டும்." சிறிது இடைவெளி விட்டு, "கையை விட்டு ஈரம் பார்த்தீர்களா?"

மஞ்சள் கோட்டைப் பற்றி அவருக்குப் பதில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை வில்டனுக்கு மறுபடி போக ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அங்கே கோடு எதுவும் இல்லை.